பெரியப்பான்ர யாஷிகாவும் ஆடுற லென்சும்

பரந்தன்காரன்:

பெரியப்பான்ர கமரா என்ர கைக்கு வரேக்கை லென்ஸ் பால்பல்லு மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. யாஷிகா எலக்ட்ரோ 35. கலியாணவீடு, சாமத்தியவீடு, அடையாள அட்டைப் படம் எண்டு பரந்தனில இருந்து விசுவமடு வரைக்கும் சைக்கிள் ஹாண்டிலில தொங்கவிட்டுக்கொண்டு திரிஞ்சவர். அந்த றோட்டு அப்ப கிடந்த கிடையை இஞ்ச இருக்கிற ஆருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. ஸ்குரூ ஏன் கழண்டதெண்டு கேட்டால் அதுதான் பதில்.

மனுசன் கனகாலம் இதால பற்றரி இல்லாமல் படம் எடுத்தவர். சண்டைக் காலத்தில அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடை இருந்த நாளில வன்னிக்குள்ள பற்றரி கொண்டுவர விடேல்லைத் தானே. எலக்ட்ரோ எண்ட பேருக்கேற்ற மாதிரி இது பற்றரியில வெளிச்சத்தை அளந்து ஷட்டர் வேகத்தைத் தானே முடிவெடுக்கிற சாமான். பற்றரி இல்லாட்டி ஷட்டர் 1/500 செக்கனில அடிக்கும். 100 ஆசா பிலிமைப் போட்டு, ஆக்களை மத்தியான வெயிலுக்கை நிப்பாட்டி, லென்ஸ் வாயை எஃப் 8 அளவில வச்சால் படம் சரியா விழும். வன்னியில வெயிலுக்கென்ன குறை? அவர் எடுத்த படங்களில முக்கால்வாசிப் பேர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிக்கிறது இதாலதான்.

சரி, ஆட்டத்துக்கு வாறன். முதல் செய்த பிழை, டவுனில ஒரு கடையில குடுத்தது. அவர் லென்சின்ர அடியைச் சுத்தி சுப்பர் குளூ விட்டுட்டு முந்நூறு ரூபா வாங்கினவர். ரெண்டாம் நாளே திரும்ப ஆடத் தொடங்கீற்றுது. ஆட்டம் பரவாயில்லை, அந்தப் பசை காயேக்கை எழும்பின ஆவி பின் கண்ணாடியில வெள்ளையாப் படிஞ்சு போச்சு. ஒரு ஓரத்தில இண்டைக்கும் கிடக்கு. கண்ணாடி உள்ள எந்தச் சாமானுக்குக் கிட்டவும் அந்தப் பசையைக் கொண்டு போகாதேங்கோ.

பிறகு நானே திறந்தன். சீமெந்து நிலத்தில ஸ்குரூ விழுந்தால் துள்ளிப் போகுமெண்டு சுளகுக்கை வச்சுக் கழட்டினன். ஸ்குரூ ஓடேல்லைத்தான், ஆனால் ஓலை இடுக்குக்கை பூந்திட்டுது. பேந்து பெரியம்மான்ர தாம்பாளத்தில வெள்ளைத் துணி விரிச்சுச் செய்தன். கழட்டின ஒழுங்கிலையே சோடா மூடிகளில ஸ்குரூவைப் போட்டு வரிசையா வச்சன். ஒவ்வொரு படிக்கும் போனில ஒரு படம்.

லென்சுக்கு ரெண்டு பக்கமும் ஒட்டியிருக்கிற கறுப்புத் தோலைச் சூடு காட்டி மெதுவா உரிச்சால் நாலு ஸ்குரூ தெரியும். லென்ஸ் பூட்டின பலகையை உடம்போட பிடிச்சிருக்கிறது அதுகள்தான். இஞ்சதான் அவசரப்படக் கூடாது. நாலும் இறுக்கமா இருந்தது, ஆனால் லென்ஸ் ஆடுது! அப்ப பிழை அதுக்கும் பின்னால. பலகையைக் கொஞ்சமாத் தூக்கினன். வயர் ஓடுது, இழுத்தால் அறும். பின்னுக்கு லென்ஸ் குழலைப் பிடிக்கிற ஸ்குரூவில ரெண்டு அரைவாசி கழண்டு, ஒண்டைக் காணேல்லை. கமராவைக் குலுக்கேக்கை கிலுகிலுப்பை மாதிரிக் கேட்ட சத்தம் அந்தாள்தான், அடியில கிடந்தார். ஆட்டத்தைக் கண்ட உடனே வெளியில தெரியிற ஸ்குரூவையெல்லாம் முறுக்கியிருந்தால் புரி தேஞ்சதுதான் மிச்சம், உள்ளுக்கை கிடந்த ஸ்குரூ ஒருநாள் ஷட்டருக்கை போய்ச் சிக்கியிருக்கும்.

திரும்பப் பூட்டேக்கை ஒவ்வொரு ஸ்குரூத் தலையிலயும் ஊசி முனையால ஒரு சொட்டுக் கியூட்டெக்ஸ், அதுதான் நகப்பூச்சு, வச்சன். குலுக்கத்துக்கு விடாது, பேந்து கழட்ட வேணுமெண்டாலும் கழட்டலாம். லென்சுக்கு அடியில பொலித்தீன் மாதிரி மெல்லிய தகட்டு வளையம் இருந்தால் அது கழட்டின இடத்திலையே போகவேணும். அதை விட்டால் ஃபோக்கஸ் மாறிப்போகும்.

கடைசியா, பின்கதவைத் திறந்து, பிலிம் ஓடுற தண்டவாளத்துக்கு மேல மங்கல் செலோடேப்பை இழுத்து ஒட்டி, லென்சை எஃப் 1.7 இல திறந்து பட்டனை அமத்திற வரைக்கும் ஷட்டர் திறந்து நிக்கிற 'பீ'யில பிடிச்சன். லென்ஸ் முடிவிலியில நிக்கேக்கை தூரத்துப் பனை வட்டு அந்த டேப்பில கூரா விழவேணும். விழுந்தது. ஆனால் வியூபைண்டருக்கை பார்த்தால் ரெண்டு பனை. இந்தக் கமராவில நடுச் சதுரத்துக்கை தெரியிற ரெண்டு உருவமும் ஒண்டாச் சேர்ந்தால்தான் ஃபோக்கஸ் சரி. அதுக்கு மேல்மூடியைக் கழட்டி உள்ளுக்கை ஒரு சின்ன ஸ்குரூவை மயிரளவு திருப்பவேணும். ரெண்டு பின்னேரம் இரணைமடுக் கட்டில போயிருந்து நிலவைப் பார்த்துப் பார்த்துத் திருப்பினன். நிலவை விடத் தூரத்தில தெளிவான விளிம்போட வேற என்ன கிடைக்கும்?

முள்ளியவளைக் கொக்கு:

அண்ணை, கிலுகிலுப்பைக் கதை எனக்கும் நடந்தது. என்ரது ரஷ்யன், சோர்க்கி 4. கொழும்பில பழசு வாங்கி பஸ்ஸில மடியில வச்சுக்கொண்டு வந்தனான், ஒட்டுசுட்டான் தாண்டேக்கை உள்ளுக்கை சத்தம் தொடங்கீற்றுது. இதில ஷட்டர் துணி. ஸ்குரூ கிழிச்சிடுமெண்ட பயத்தில வீட்ட போகுமட்டும் பிலிமை இழுக்கவே இல்லை. கீழ் மூடியும் பின் கதவும் ஒண்டாக் கழண்டு வாற கமரா எண்டபடியால் கவிட்டு மெதுவாத் தட்ட விழுந்திட்டுது. ரஷ்யன் ஸ்குரூ எல்லாம் ஒற்றைக் கீறல். பட்டையான முனையைக் கீறலின்ர அகலத்துக்கு அரவிப் போடுங்கோ, இல்லாட்டி தலை சிதையும்.

இன்னொண்டு. சோர்க்கி வச்சிருக்கிற ஆக்கள் பிலிமை இழுத்த பிறகுதான் வேகத்தை மாத்தவேணும். முதல் மாத்தினால் உள்ளுக்கை பல்லு உடையும். பெடியளிட்டக் குடுக்கேக்கை சொல்லிக் குடுங்கோ. நான் சொல்லேல்லை, மச்சான் மாத்தினவன்.

நெடுங்கேணி அக்கா:

என்ரதில லென்ஸ் ஆடேல்லை, ஆனால் நடுவில தெரியிற மஞ்சள் சதுரம் ஒருநாள் காணாமல் போச்சு. மூடியைத் திறந்தால் உள்ளுக்கை நகத்தளவு கண்ணாடி பசை விட்டுச் சரிஞ்சு கிடக்கு. ரெண்டு ரியூப் கலக்கிற எப்பொக்சியில கடுகளவு வச்சு, காய முதல் தூரத்து மரத்தைப் பார்த்துப் பார்த்து நகர்த்தி இருத்தினன். அது கெதியாக் காயாதது நல்லதாப் போச்சு.

ஒரு பிழை செய்தன். தூசு இருக்கெண்டு பக்கத்தில இருந்த பாதி ஊடுருவிக் கண்ணாடியை ஸ்பிரிட்டில துடைச்சுப்போட்டன். பூச்சும் சேர்ந்து வந்திட்டுது. இப்ப சதுரம் தெரியுது, ஆனால் வெளிறிப் போய். அதை ஊதிவிட்டால் காணும், தொடவேண்டாம்.

மாங்குளம் சந்தி:

பரந்தன் அண்ணை, ரெண்டு கேள்வி. சின்ன ஸ்குரூ டிரைவர் எங்க எடுத்தனீங்கள்? பற்றரிக்கு என்ன செய்யிறியள்? என்ர எலக்ட்ரோவில பிலிமை இழுக்கேக்கை ஒரு 'டொக்' வரவேணுமாம், வரேல்லை.

பரந்தன்காரன்:

தம்பி, போன் திருத்துற கடையில வாங்கலாம். ஆனால் பழைய யப்பான் ஸ்குரூவின்ர சிலுவைக் குழி வேற மாதிரி. சாதாரண முனை அடிவரைக்கும் இருக்காது, வழுக்கும். முனையின்ர நுனியைக் கொஞ்சம் அரவிவிட்டால் வடிவாப் பிடிக்கும்.

முதல் இதுக்கு வந்த 5.6 வோல்ற் பாதரசப் பற்றரி இப்ப செய்யிறேல்லை. 6 வோல்ற் 4எல்ஆர்44 போடுறன். அது கட்டையும் மெல்லிசும், அதாலை சுத்திவர மட்டையைச் சுருட்டி, மிச்ச நீளத்துக்குப் பழைய ரோச் லைற் ஸ்பிரிங்.

'டொக்' வராட்டி உள்ளுக்கை இருந்த சின்ன றப்பர் கரைஞ்சு போச்சு. அம்பது வருசத்தில எந்த றப்பர் நிக்கும்? வேகம் எல்லாம் பிழைக்கும், படத்தில வெளிச்சம் கூடிப்போகும். அந்த அளவுக்கு வேற றப்பர் வெட்டி ஒட்டவேணும், இடம் சரியான நெருக்கம். நீ தனியத் திறக்காதை, சனிக்கிழமை கொண்டு வா. சோடா மூடி இருக்கு.

முதல் றோல் கழுவக் கொழும்புக்கு பஸ்ஸில போயிருக்கு. முதல் படம் பெரியம்மா, முத்தத்தில, பற்றரியைக் கழட்டிப்போட்டு எஃப் 8 இல எடுத்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் நிண்டவ.