மிஸ்ட் ஃபில்டர்: காலா, அரைக்காலா?

கேள்வி:
சென்ற வாரம் ஒரு திருமண வரவேற்பில் 85 மி.மீ. லென்ஸில் 1/4 வீரியமுள்ள பிளாக் மிஸ்ட் (ஒளியைப் பரப்பிப் படத்தை மென்மையாக்கும் ஃபில்டர்) மாட்டினேன். மணமகளின் முகம் பட்டுப்போல் வந்தது. பின்னால் இருந்த சீரியல் விளக்குகளோ ஆளுக்கொரு ஒளிவட்டத்தோடு சாமி படமாகிவிட்டன. 35 மி.மீ. லென்ஸில் இவ்வளவு தெரியவில்லையே, ஏன்?

பதில் 1:
குவியத் தூரம் (லென்ஸின் அந்த மி.மீ. எண்) கூடினால் அதே ஃபில்டரின் விளைவும் கூடும். 85க்கு 1/8 போதும். மேடை விளக்கு நேராக லென்ஸைப் பார்த்தால் கழற்றிவிடுங்கள்.

பதில் 2:
நான் ஃபிலிம் காலத்து ஆள். இதே மென்மைக்குப் பழைய யூ.வி. ஃபில்டரில் வாசலைன் தடவி, நடுவில் காசளவு இடத்தைத் தடவாமல் விட்டுவிடுவேன். லென்ஸிலேயே தடவிய உதவியாளரை இன்னும் மன்னிக்கவில்லை! லென்ஸின் மேல் இழுத்துக் கட்டிய மெல்லிய காலுறைத் துணியும் உதவும். ஆனால் கறுப்பு வாங்குங்கள், வெள்ளை நிழல்களை வெளிறடித்துவிடும்.

கேட்டவர்:
1/8 வாங்கிவிட்டேன். வாசலைன் அம்மாவின் அலமாரியிலேயே இருக்கட்டும், ஐயா.