புதுப்பிப்பு: பாலத் தளத்தில் கான்கிரீட் போட்ட அன்றே வந்த வெடிப்புகள்

முதல் பகுதி போட்ட சில மணி நேரத்திலேயே தளத்தில் வெடிப்பு விழுந்துவிட்டது, ஏன் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டாவது பகுதியும் போட்டாயிற்று.

"சிமெண்டை விடுங்கள், காற்றைப் பாருங்கள்" என்று ஒருவர் சொன்னதுதான் சரி. அன்றைய காற்று, வெப்பம், ஈரப்பதத்தை வைத்துக் கணக்குப் போட்டால், பரப்பிலிருந்து நீர் ஆவியாதல் சதுர மீட்டருக்கு மணிக்கு 1 கிலோவைத் தாண்டியிருந்தது. அதற்கு மேல் போனாலே ஆபத்துதான்; கான்கிரீட் இறுகும் முன்பே மேல்பரப்பு உலர்ந்து சுருங்கி வெடிக்கலாம். இந்த முறை இரவில் போட்டோம். மட்டம் தட்டியதும் பரப்புக்கு மேலே காற்றில் பனிபோல் தண்ணீர் தெளித்தோம். பரப்பில் தேங்க விடக் கூடாது. அப்புறம் ஈரச் சாக்கு விரித்து 14 நாள் காயாமல் பார்த்துக்கொண்டோம். அந்த வகை வெடிப்பு ஒன்றுகூட இல்லை.

எதிர்பாராதது ஒன்று. ஓரிடத்தில் மேல் கம்பிகளுக்கு நேர் மேலே, கம்பி இடைவெளி அளவிலேயே நான்கு மெல்லிய கோடுகள். இது உலர்ந்து வருவதல்ல. கான்கிரீட் கீழே அமரும்போது கம்பி தடுப்பதால் வருவது. அளந்து பார்த்தால் அங்கே கவர் (கம்பிக்கு மேலே உள்ள கான்கிரீட்டின் தடிமன்) குறைவு, கலவையும் தளர்வாக இருந்திருக்கிறது. இறுகுவதற்கு முன் வைப்ரேட்டரை (கலவையை அதிரவைத்து நெருக்கும் கருவி) இன்னொரு முறை விட்டிருந்தால் மூடியிருக்கும். மூன்றாவது பகுதிக்குக் கம்பி உயரத்தை முந்தின நாளே அளந்துவிடுகிறோம்.