கணவர் இறந்த பிறகும் ரூத் காமா ஏன் போட்ஸ்வானாவிலேயே இருந்துவிட்டார்?

நெல்லை வாசகி:
போட்ஸ்வானாவின் முதல் ஜனாதிபதி செரெட்சே காமாவின் மனைவி ரூத் லண்டன்காரர். கணவர் 1980-ல் காலமானபோது அவருக்கு 56 வயது. பிறந்த ஊருக்குத் திரும்பாமல் 2002-ல் கண்மூடும்வரை அங்கேயே இருந்திருக்கிறார். பிள்ளைகளுக்காக மட்டும்தானா? தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

கணக்கு வாத்தியார்:
நான் செரோவேயில் பள்ளி ஆசிரியராக இருந்தவன். காமா குடும்பத்தின் சொந்த ஊர் அது. பிள்ளைகளும் ஒரு காரணம்தான் அம்மா. ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பே அந்த ஊர் அவருடைய ஊராகிவிட்டது.

லண்டனில் சட்டம் படிக்க வந்த செரெட்சேயை 1947-ல் சந்தித்தபோது ரூத் ஒரு குமாஸ்தா. அடுத்த ஆண்டு தேவாலயத்தில் கல்யாணம் நடக்கவிடாமல் தடுத்தார்கள். பதிவுத் திருமணம்தான் நடந்தது. ரூத்தின் அப்பா மகளையே ஒதுக்கிவைத்தார். அந்தப் பக்கம், செரெட்சேயை வளர்த்து, தலைமைக்கு வாரிசான அவருக்காக இனக்குழுவின் ஆட்சியையும் கவனித்துவந்த சித்தப்பா ட்ஷெகெடி கடுமையாக எதிர்த்தார்.

தீர்ப்பு சொன்னது ஊர்க்கூட்டம். அங்கே அதற்கு 'க்கோட்லா' என்று பெயர். பிறை வடிவில் நெருக்கமாக நட்ட மரக்கம்புகள், நடுவே திறந்தவெளி. பெரியவர்கள் உட்கார முக்காலியைக் கையோடு கொண்டுவருவார்கள். யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம்; பேசி முடிக்கும்வரை குறுக்கிட மாட்டார்கள். முதலில் நடந்த கூட்டங்களில் எதிர்ப்புதான் அதிகம். 1949 ஜூனில் ஜனங்கள் ஆயிரக்கணக்கில் செரெட்சே பக்கம் நின்றார்கள். வெள்ளைக்கார மருமகளை ஏற்றுக்கொண்டுதான் அவரைத் தலைவர் என்றார்கள். அந்த ஆகஸ்டில் ரூத் ஊருக்கு வந்தார்.

1950-ல், அப்போது நாட்டைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்த பிரிட்டிஷ் அரசு பேசவேண்டும் என்று செரெட்சேயை லண்டனுக்கு அழைத்து, அங்கேயே தடுத்துவைத்தது. இதில் ஏதோ சூது இருக்கிறது என்று சந்தேகப்பட்டுத்தான் ரூத் கூடப் போகவில்லை. அப்போது அவர் கர்ப்பிணி. கணவர் கடல்கடந்து மாட்டிக்கொண்டிருக்க, அவர் இருந்தது செரோவேயில். மூத்த மகள் ஜாக்குலின் பிறந்ததும் அந்த மண்ணில்தான். இந்த ஓர் இடத்தை நினைத்தாலே எனக்கு மனசு கனத்துப்போகும்.

மழைத்துளி:
வாத்தியார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 1949-ல்தான் தென்னாப்பிரிக்கா கலப்புத் திருமணத்தைச் சட்டப்படி தடை செய்தது. அந்த நாட்டின் தங்கமும் யுரேனியமும் பிரிட்டனுக்குத் தேவைப்பட்டன; அதனால் அதைப் பகைத்துக்கொள்ள விரும்பவில்லை. செரெட்சே ஆளத் தகுதியானவர்தான் என்று பிரிட்டன் அமைத்த விசாரணைக் குழுவே சொல்லியும் அறிக்கையை வெளியிடாமல் மறைத்துவிட்டார்கள். செரெட்சேயின் இனக்குழுவான பாமங்வாட்டோ மக்களோ, அவர் இருந்த இடத்தில் வேறு தலைவரை உட்கார வைக்கவே மாட்டோம் என்று பிடிவாதமாக நின்றார்கள். 1956-ல் தலைமைப் பதவியைத் துறந்த பிறகுதான் ஊர் திரும்ப விட்டார்கள்.

நெல்லை வாசகி:
இவ்வளவு நடந்திருக்கிறதா! ஜனாதிபதி மனைவியான பிறகு ரூத் என்ன செய்தார்?

கணக்கு வாத்தியார்:
1966-ல் நாடு விடுதலை பெற்றபோது உலகின் மிக ஏழை நாடுகளில் அதுவும் ஒன்று. அவர் செஞ்சிலுவைச் சங்க வேலையில் முழுமூச்சாக இறங்கினார். அரசியல் பதவி எதுவும் தேடவில்லை. கணவருக்குப் பிறகும் ஜனங்களுக்கு அவர் 'லேடி காமா'தான். மகன் இயன் 2008-ல் ஜனாதிபதியானதைப் பார்க்க அவர் இல்லை. செரோவேயில் குன்றின்மேல் காமா குடும்பத்துக் கல்லறைகள் இருக்கின்றன. அங்கே செரெட்சேக்குப் பக்கத்திலேயே ரூத்தையும் அடக்கம் செய்திருக்கிறார்கள்.