இன்குபேட்டரில் சிக்கிய குஞ்சு: புதுப்பிப்பு
போன வாரம் கேட்டிருந்தேனே, உசிலம்பட்டியில் எங்கள் வீட்டு இன்குபேட்டரில் (முட்டை பொரிக்க வைக்கும் சூட்டுப் பெட்டி) 21ஆம் நாள் முட்டையில் துளை போட்ட ஒரு கோழிக்குஞ்சு அப்படியே நின்றுவிட்டது, உடைத்து எடுக்கலாமா என்று. 18 மணி நேரம் கை வைக்கவில்லை; மஞ்சள் கரு வயிற்றுக்குள் போய் ரத்தக் குழாய் வற்றும் முன் பிரித்தால் ரத்தம் கொட்டும் என்று நீங்கள் பயமுறுத்தியது சரிதான். அப்புறம் பார்த்தால் உள்சவ்வு காகிதம் மாதிரி காய்ந்து குஞ்சின் முடியோடு ஒட்டியிருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து ஒற்றி ஒற்றி, நகத்தால் கொஞ்சம் கொஞ்சமாக உரித்தேன். தலை வெளியே வந்ததும் விட்டுவிட்டேன், மிச்சத்தை அதுவே உதைத்துத் தள்ளியது.

சவ்வு அப்படிக் காய்ந்ததற்குத் தப்பு என்னுடையதுதான். இந்த வெயிலில் தண்ணீர்த் தட்டு வற்றியதைப் பார்க்காமல், மூடியை மட்டும் பத்துத் தடவை திறந்து பார்த்திருக்கிறேன்; உள்ளே ஈரம் போய்விட்டது.

வெளியே வந்த குஞ்சுக்குக் கால் இரண்டும் அகன்று வழுக்கியது. இரண்டு காலையும் சேர்த்துப் பிளாஸ்டரை எட்டு வடிவில் சுற்றி, செய்தித்தாளுக்குப் பதில் சாக்கு விரித்தேன். மூன்றாம் நாள் அவிழ்த்தாயிற்று, இப்போது எங்கள் அம்மா காலடியிலேயே ஓடுகிறது.