பழைய ஜன்னல் நிலையோட மோல்டிங்கை அப்படியே எடுக்க நாமளே டூல் செய்ய முடியுமா?

பள்ளத்தூர்வாசி:
அண்ணன்மாருக்கு வணக்கம். எங்க ஐயா காலத்து வீடு, வளவுல ஒரு ஜன்னல் நிலையில மழைச் சாரல் பட்டுப் பட்டு மூணு அடி நீளத்துக்கு மோல்டிங் இத்துப்போச்சு. நடுவுல அரைவட்டமா ஒரு மேடு, ரெண்டு பக்கமும் மெல்லிசா ஒரு பள்ளம், அவ்வளவுதான், ஆனா கடையில கிடைக்கிற ரூட்டர் பிட் (மரத்துல வடிவம் செதுக்குற மெஷினுக்கு மாட்டுற முனை) ஒண்ணுகூட ஒத்து வரல, தனியா பிட் அடிச்சுக் கேட்டா மூணு அடி வேலைக்குக் கட்டுப்படியாகாத ரேட்டு சொல்றாங்க. உடைஞ்ச ஆக்ஸா பிளேடு நாலஞ்சு கிடக்கு, அதுல ஏதாச்சும் பண்ணலாமா? பக்கத்து ஜன்னலையும் இதையும் தடவிப் பாத்தா கைக்கு வித்தியாசமே தெரியக்கூடாது.

தேக்குப்பிரியன்:
தாராளமா பண்ணலாம் தம்பி. எல் வடிவத்துல ஒரு கட்டை எடுத்துக்கங்க, கருவேலம் இருந்தா நல்லது, அதுல ரம்பத்தால ஒரு வெட்டு போட்டு அந்த பிளேடுத் தகடைச் சொருகி குறுக்கால ரெண்டு ஸ்க்ரூ முறுக்கணும், லூசா இருந்தா கூட ஒரு அட்டைத் துண்டு வைங்க. கட்டையோட ஒரு கால் மரத்தோட ஓரத்தை ஒட்டியே ஓடும், தகடு சுரண்டிக்கிட்டே போகும். இத்துப்போன மோல்டிங்ல நல்லா இருக்கிற இடமாப் பாத்து குறுக்க அறுத்தீங்கன்னா வடிவம் தெளிவாத் தெரியும், அதைத் தகடு மேல வச்சு ஊசியால கோடு போட்டு, கோடு வரைக்கும் அரத்தால அராவுங்க. மரத்துல மேடா இருக்கிறது தகட்டுல பள்ளமா வரணும், இதை மாத்தி அராவிடாதீங்க. விளிம்பை உளி மாதிரி சரிவா தீட்ட வேண்டாம், நேர் சதுரமா இருக்கட்டும்.

காரைக்குடி பட்டறை:
ஒரே ஒரு திருத்தம். ஆக்ஸா பிளேடுல படக்குனு உடையிற ரகம் முழுசா கடினம், அரம் ஏறவே ஏறாது, வளையிற ரகத்துல பல்லு மட்டும்தான் கடினம், முதுகை அராவலாம், ஆனா தேக்குல சிலிக்கா இருக்கிறதால சீக்கிரம் மழுங்கிடும். பழைய கை ரம்பம் ஒண்ணு தேடுங்க, அந்தத் தகடு அரத்துக்கும் மசியும், கூரும் நிக்கும். இன்னொண்ணு, கோடு போடுறதுக்கு முன்னாடி பெயிண்டை முழுசா சுரண்டிடுங்க. இத்தனை வருஷ எனாமல் பள்ளத்தைத் தூர்த்து வச்சிருக்கும், அதோட காப்பி எடுத்தா வடிவமே கெட்டுப்போகும்.

பள்ளத்தூர்வாசி:
ரம்பத் தகடுலயே செஞ்சுட்டேன், அண்ணன் சொன்ன மாதிரி பெயிண்டை எடுத்ததும் உள்ள இன்னொரு சின்னக் கோடு இருந்துச்சு! ஆனா இழுக்கிறப்ப தடதடன்னு அதிருது, ஒரு இடத்துல நார் பிச்சுக்கிச்சு.

தேக்குப்பிரியன்:
அழுத்துறீங்க தம்பி. டூலை இழுக்கிற பக்கமா லேசா சாய்ச்சுப் பிடிங்க, கடைக்கோடியில இருந்து சாண் சாணா ஆரம்பிச்சு பின்னாடி வாங்க, நார் பிய்ற இடத்துல மட்டும் எதிர்த்திசையில தள்ளுங்க, ரெண்டு பக்கமும் வெட்டும். பொடியா விழுந்தா மழுங்கிருச்சுன்னு அர்த்தம், தகட்டோட தட்டையான முகத்தை எண்ணெய்க்கல்லுல ரெண்டு தேய் தேய்ங்க.

பள்ளத்தூர்வாசி:
இப்ப சுருள் சுருளா வருதுண்ணே, வளவெல்லாம் தேக்கு வாசனை. இன்னும் ஒரு அடிதான் பாக்கி.