அபின் காசா, அதிகாரமா: எது முந்தி?

வெண்ணாற்றங்கரையான்:
கோடியக்கரைப் பக்கம் இலங்கைக்குப் போகவிருந்த கஞ்சா மூட்டை பிடிபட்டது என்று அடிக்கடி படிக்கிறோம், பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகிறோம். என் கட்சி இதுதான்: உலகத்தில் நீண்டுபோன பல சண்டைகளுக்குச் சோறு போட்டது போதைக் காசு. கொலம்பியாவின் ஃபார்க் கெரில்லாக்கள் கோகா (கொகெய்ன் எடுக்கிற இலை) வியாபாரிகளிடம் வரி வாங்கியே அரை நூற்றாண்டு தாக்குப்பிடித்தார்கள். பர்மாவில் (இன்றைய மியான்மர்) குன் சா என்ற போதைத் தலைவன் அபினை வைத்தே தனிப்படை கட்டினான். காசை நிறுத்தினால் துப்பாக்கி தானாகக் கீழே இறங்கும்.

அரசலாறு:
கணக்கு இடிக்கிறதே சார். ஃபார்க் தொடங்கியது 1964-ல். கோகா காசு பெரிதாக வந்தது எண்பதுகளில். அதுவரை சண்டை எதற்கு? நிலத்துக்கு. கீழத்தஞ்சைக்காரருக்கு இதை நான் விளக்க வேண்டுமா?

ஆப்கானிஸ்தானைப் பாருங்கள். 2022 ஏப்ரலில் தாலிபான், அபின் எடுக்கிற கசகசாச் செடிக்குத் தடை போட்டது (ஆமாம், குருமாவில் அரைத்து ஊற்றுகிறோமே, அதே கசகசாதான்). ஐ.நா. கணக்கில் 2.33 லட்சம் ஹெக்டேர், அடுத்த ஆண்டே 11 ஆயிரத்துக்குக் கீழே போனது. ஆட்சி கவிழ்ந்ததா? நொந்தது பயிர் வைத்த குடியானவன். அதே 2023-ல் அபின் உற்பத்தியில் மியான்மர் முதலிடத்துக்கு வந்தது. அங்கே 2021-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்து ஊரே பற்றி எரிந்த பிறகு செடியும் பெருகியது. முதலில் அரசு குலைகிறது, பிறகுதான் போதை வருகிறது.

வெண்ணாற்றங்கரையான்:
சரி, வருஷத்தில் நான் தவறினேன். ஆனால் 2016-ல் ஃபார்க் ஒப்பந்தம் போட்டுத் துப்பாக்கியை ஒப்படைத்ததே, கோகா குறைந்ததா? கூடியது. அவர்கள் காலி செய்த காட்டில் வேறு கும்பல்கள் வந்து உட்கார்ந்தன. நிலப் பிரச்சினைக்காகவா வந்தார்கள்?

உப்பளத்துத் தெரு:
அண்ணன்மாரே, நான் வேதாரண்யம். எங்கள் கடலில் பீடி இலை போகும், கஞ்சா போகும். இலங்கையில் இறக்குமதிக்குத் தடை வந்தபோது மஞ்சள்கூடப் போனது. சாம்பாருக்குப் போடுகிற மஞ்சள்! தடை எதன்மேல் விழுகிறதோ அது மூட்டையாகிவிடும்.

எங்கள் தெருப் பையன் ஒருவன் பைபர் படகில் போய் மாட்டினான். மீன்பாடு இல்லாத மாதம், வட்டிக்கடன். அவனுக்குக் கொடுத்தது ஜிபிஎஸ்ஸில் ஒரு எண், போக வர டீசல், கையில் கொஞ்சம் முன்பணம். நடுக்கடலில் எதிர்ப்படகு வரும், மூட்டையை மாற்றிவிட்டுத் திரும்ப வேண்டும். சரக்கு யாருடையது என்று அவனுக்கும் தெரியாது, அவன் கேட்கவும் இல்லை. கஞ்சா 20 கிலோவைத் தாண்டினால் குறைந்தது 10 வருஷம், ஜாமீனும் லேசில் கிடைக்காது. அவனிடம் இருந்தது இரண்டு மூட்டை. வக்கீலுக்கு அவன் அம்மா மனைக்கட்டை விற்றார்.

ஊரெல்லாம் சந்தேகப்படுகிற ஆள் அந்த வருஷம் திருவிழாவுக்கு ஜெனரேட்டரும் சீரியல் பல்பும் தன் செலவில் போட்டார். இப்போது உள்ளாட்சித் தேர்தலில் நிற்கப்போவதாகப் பேச்சு.

வெண்ணாற்றங்கரையான்:
பார்த்தீர்களா, நான் சொன்னது இதுதான்: முதலில் காசு, பின்னாலேயே அதிகாரம்!

அரசலாறு:
அப்படியென்றால் கொள்ளிடத்து மணலும் போதைமருந்தா? அதில் சம்பாதித்தவர்களும்தான் பல்பு போட்டார்கள், பதவி வாங்கினார்கள். சட்டத்துக்கு வெளியே ஓடுகிற எந்தக் காசும் கடைசியில் சட்டத்துக்குள் ஒரு நாற்காலி தேடும். அப்புறம் ஒன்று: அரசாங்கம் ஏதோ ஏமாந்த பிள்ளை மாதிரி பேசுகிறீர்கள். வங்காளத்து அபினைக் கல்கத்தாவில் ஏலம் போட்டு, சீனா தடுத்ததும் 1839-ல் போருக்குப் போய், ஹாங்காங்கையும் வாங்கிக்கொண்டது எந்தக் கள்ளத்தோணிக் கும்பல்? பிரிட்டிஷ் அரசாங்கம்தானே!

வெண்ணாற்றங்கரையான்:
மணல் காசு பதவி வாங்கியது, படை கட்டவில்லை. அபின் காசு இரண்டையும் செய்தது. அந்த வித்தியாசத்தை நீங்கள் தாண்டவே இல்லை.

அரசலாறு:
படை கட்ட விடாமல் இங்கே ஒரு அரசு இருக்கிறது, அங்கே இல்லை. நான் முதலிலிருந்து சொல்வதே அதுதானே சார்.

உப்பளத்துத் தெரு:
அந்த அரசு பிடித்து வைத்த படகைப் போன மாதம் போய்ப் பார்த்தேன். வழக்குச் சொத்து என்று பெயிண்டால் எண் எழுதியிருக்கிறது. வெயிலில் பைபர் வெடித்து, அணியத்தில் (படகின் முன்பக்கம்) கருவேலங்கன்று முளைத்திருக்கிறது. இன்ஜினை மட்டும் காணோம்.