மரத்துப்போகப் போடும் ஊசியின் எரிச்சலைக் குறைக்க முடியுமா?

கேள்வி:
முதுகில் இருக்கும் கொழுப்புக் கட்டியை அடுத்த வாரம் எடுக்கப் போகிறார்கள். அறுக்கும்போது வலி தெரியாது, அந்த இடம் மரத்திருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார், சரி. ஆனால் மரத்துப்போகப் போடுகிற ஊசியே தீயாக எரியும் என்று போட்டுக்கொண்டவர்கள் சொல்கிறார்கள். அதைக் குறைக்க வழி இருக்கிறதா, இல்லை பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியதுதானா?

பதில் 1:
பல்லைக் கடிக்க வேண்டாம். சிறு அறுவை அறையில் நர்ஸாக இருக்கிறேன், இதைத் தினமும் பார்க்கிறேன். எரிச்சலுக்கு முக்கியக் காரணம் மருந்தின் அமிலத்தன்மை. ரத்தக் கசிவைக் குறைக்க அட்ரினலின் சேர்த்து வரும் லிக்னோகெயின் என்ற மரப்பு மருந்தின் பிஎச் (அமில அளவு, எண் குறையக் குறைய அமிலம் கூடும்) 4 பக்கம் இருக்கும், நம் உடம்பிலோ 7.4. அதனால் போடுவதற்குச் சற்று முன்பு 10 மில்லி மருந்துக்கு 1 மில்லி என்று அமிலத்தைத் தணிக்கும் 8.4 சதவீத சோடியம் பைகார்பனேட் கலப்பார்கள், எரிச்சல் நன்றாகக் குறைந்துவிடும். எல்லா மரப்பு மருந்தோடும் இப்படிக் கலக்க முடியாது, பூப்பிவகெயின் என்ற இன்னொரு மரப்பு மருந்தோடு சேர்த்தால் திரிந்து படிந்துவிடும், எனவே முடிவு டாக்டருடையது. நீங்கள் தயங்காமல் கேளுங்கள். மருந்தை உடல் சூட்டுக்குக் கொண்டுவந்து போட்டாலும் வலி குறையும்.

பதில் 2:
எனக்கு மச்சம் எடுத்தபோது ஒரு மணி நேரம் முன்பே மரப்பு கிரீம் தடவி மேலே பிளாஸ்டிக் ஒட்டி வைத்தார்கள். ஊசி குத்தியது தெரியவே இல்லை, மருந்து உள்ளே இறங்கும்போதுதான் கொஞ்சம் எரிந்தது.

பதில் 3:
கிரீம் மேல்தோலைத்தான் மரக்க வைக்கும், ஆழத்துக்கு எட்டாது. டாக்டரைக் கேட்காமல் நீங்களே வாங்கிப் பூச வேண்டாம், அதுவும் லிக்னோகெயின் வகைதான், ஊசியில் போடும் மருந்தின் அளவோடு அதுவும் கணக்கில் சேரும்.

என்னைக் கேட்டால் எல்லாவற்றையும் விட முக்கியம் மருந்தை மெதுவாக ஏற்றுவது. 30 கேஜ் போன்ற மெல்லிய ஊசியால் (எண் கூடக் கூட ஊசி மெலிசு) முதலில் துளி மருந்து விட்டு, கொஞ்சம் பொறுத்து, ஏற்கெனவே மரத்த இடத்தின் வழியாகவே அடுத்த குத்தைப் போட்டுக்கொண்டு போனால் முதல் குத்து மட்டும்தான் உறைக்கும். "மெதுவாகப் போடுங்க டாக்டர், எனக்கு அவசரமில்லை" என்று முன்பே சொல்லிவிடுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். குத்தும் நேரத்தில் பக்கத்துத் தோலைக் கிள்ளிப் பிடித்தாலும் அதிர்வு கொடுத்தாலும் மூளைக்கு வலி குறைவாகத்தான் போய்ச் சேரும்.

பதில் 1:
இன்னொன்று, ஊசியைக் கண்டால் மயக்கம் வருகிற ஆள் என்றால் உட்கார்ந்து போட்டுக்கொள்ளாதீர்கள், படுத்துவிடுங்கள். அப்புறம், அட்ரினலினால் சிறிது நேரம் நெஞ்சு படபடக்கலாம், பெரும்பாலும் தானே அடங்கும். ஆனால் காதில் ரீங்காரம், வாயைச் சுற்றி மரப்பு என்று ஏதாவது தோன்றினால் அந்த நிமிடமே சொல்லிவிடுங்கள்.